சிற்றலுவலக சர்வரும் லினக்ஸும்: முப்பதாண்டுக் கேள்வி

பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள ஓர் அலுவலகம், காசு கொடுத்து வாங்கும் சர்வர் மென்பொருளை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறலாமா? 1990களின் பிற்பாதியிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புதிய பதில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பழைய பதில்களும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. 'தாராளமாக மாறலாம், லைசென்ஸ் காசு மிச்சம்' என்பது ஒரு தரப்பு. 'மாறிய பிறகு யார் பார்த்துக்கொள்வது?' என்பது இன்னொன்று. 'சர்வரே எதற்கு, கிளவுடுக்குப் போங்கள்' என்பது கடைசியாக வந்த தரப்பு.

இந்தப் பதில்கள் பெரும்பாலும் பெருநகர அலுவலகங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றை உரசிப் பார்க்க மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் கரை நல்ல இடம். துறைமுகத்தைச் சுற்றி சி.எச்.ஏ. என்று அழைக்கப்படும் சுங்க முகவர் அலுவலகங்கள், உப்பளக் கம்பெனிகள், மீன் ஏற்றுமதியாளர்கள். தெற்கே வந்தால் உடன்குடியின் கருப்பட்டி வணிகம், கடற்கரை ஊர்களின் தேவாலயப் பங்கு அலுவலகங்கள், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள். இவற்றில் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் வைத்திருப்போர் குறைவு. கடலை ஒட்டி எழுந்த மணப்பாடு போன்ற ஊரில் உப்புக் காற்று சர்க்யூட் போர்டையும் கனெக்டரையும் அரிப்பது வேறு கதை. நல்ல சர்வீஸ் ஆள் வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ சொல்லி அனுப்ப வேண்டும்.

ஒரே பெட்டியில் எல்லாம்

விவாதத்தின் தொடக்கம் லினக்ஸ் அல்ல. 1990களின் முற்பாதியில் இந்திய அலுவலகங்களில் நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் நாவெல் நெட்வேர்தான். ஒரு சர்வர், கோஆக்சியல் கேபிள், டிஸ்க் இல்லாத டெர்மினல்கள், ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்கு மென்பொருள். விண்டோஸ் என்.டி. வந்து அந்த இடத்தைப் பிடித்தது. 1997-ல் மைக்ரோசாஃப்ட், சிறிய அலுவலகங்களுக்கென்றே 'ஸ்மால் பிசினஸ் சர்வர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. கோப்புப் பகிர்வு, பயனர் கணக்குகள், எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல், ஃபேக்ஸ், இணைய இணைப்புப் பகிர்வு எல்லாம் ஒரே பெட்டியில், தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலையைவிட மிகக் குறைவாக. தொடக்கத்தில் 25 பேர், பின்னர் 75 பேர் வரை. பதிலுக்குச் சில கட்டுப்பாடுகள்: ஒரு நெட்வொர்க்கில் இப்படி ஒரு சர்வர்தான் இருக்கலாம், அதுவே தலைமை சர்வராகவும் இருக்க வேண்டும்.

அதன் வெற்றிக்கு விலை மட்டும் காரணமாகத் தெரியவில்லை. நெட்வொர்க் படிப்பு படிக்காத ஒரு வியாபாரியின் அலுவலகத்தில், ஓரளவு பழகிய ஒரு சர்வீஸ் ஆள், விசார்டில் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியே நிறுவி முடிக்க முடிந்தது. அதன் பிறகு வந்த லினக்ஸ் மாற்றுகள் எல்லாம் போட்டியிட்டது இந்த வசதியோடுதான், அதைச் சிலர் தாமதமாகவே உணர்ந்தார்கள்.

2012 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தத் தொகுப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குப் பதிலாக வந்த 'எசென்ஷியல்ஸ்' பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் இல்லை. வரம்பு 25 பேர், 50 சாதனங்கள். மின்னஞ்சலுக்கு மாதச் சந்தா கட்டும் ஆன்லைன் சேவைக்குப் போகச் சொன்னார்கள். கடைசிப் பதிப்பான 2011-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. ஆக, 'விலைக்கு வாங்கிய சர்வரை மாற்றலாமா' என்ற கேள்வியை விற்றவரே ஒருவகையில் திரும்பக் கேட்டுவிட்டார்.

சாம்பா: நெறிமுறை வழியே வந்த பதில்

லினக்ஸ் தரப்பின் முதல் பதிலும் இன்றுவரை அடித்தளமாக இருப்பதும் சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1990களின் தொடக்கத்தில் நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பொட்டலங்களை உற்றுப் பார்த்தே, விண்டோஸ் கணினிகள் கோப்பு பரிமாறும் முறையைக் கண்டுபிடித்து எழுதிய மென்பொருள் அது. விண்டோஸ் கணினிக்கு, எதிரே இருப்பது லினக்ஸ் என்பதே தெரியாது. கோப்பும் பிரின்டரும் பகிர அது போதும் என்பது 1990களின் இறுதிக்குள் நிறுவப்பட்டுவிட்டது.

பயனர் கணக்குகளை ஓரிடத்தில் வைத்து ஆளும் 'ஆக்டிவ் டைரக்டரி'யை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000 சர்வரோடு கொண்டுவந்தபோது சாம்பா பின்தங்கியது. அந்த இடைவெளியை அடைக்க நீதிமன்றமும் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அந்த ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்தில் சாம்பா குழுவுக்கு ஆவணங்கள் கிடைத்தன. 2012 டிசம்பர் 11-ல் வெளிவந்த சாம்பா 4.0, ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே இயங்கக்கூடிய முதல் பதிப்பு.

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். எந்தப் பெட்டியை எட்டிப்பிடிக்க லினக்ஸ் இத்தனை ஆண்டு ஓடியதோ, அந்தப் பெட்டியின் விற்பனையை நிறுத்துவதாக அறிவிப்பு வந்த ஆறு மாதத்துக்குள்தான் சாம்பா 4.0 வெளிவந்தது.

தொழில்நுட்ப அளவில், சிறிய அலுவலகத்துக்கு சாம்பா போதும் என்ற நிலைப்பாட்டை மறுப்பது இன்று கடினம். குறைகள் இல்லாமல் இல்லை. பல சர்வர்களுக்கிடையே சில கோப்புகளைத் தானாகப் படியெடுக்கும் விண்டோஸ் வசதி சாம்பாவில் இல்லை. ஒரே சர்வர் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அது ஒரு பொருட்டல்ல. பலர் ஒரே நேரத்தில் திறக்கும் ஃபாக்ஸ்ப்ரோ வகைத் தரவுக் கோப்புகளைக் காக்க, கோப்புப் பூட்டு அமைப்புகளைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். 2019-ல் வந்த 4.11 பதிப்பிலிருந்து கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்.எம்.பி. 1 முறை இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதால், ஸ்கேன் செய்ததை நேரே சர்வருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் இயந்திரங்கள் சில இணைய மறுக்கும். இவை அனைத்துக்கும் தீர்வு உண்டு. தீர்வு தெரிந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது வேறு கேள்வி.

விண்டோஸ் பெட்டியைப் போலவே ஒரு லினக்ஸ் பெட்டி

சாம்பாவைக் கையால் அமைக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டாவது பதில் வந்தது: எல்லாவற்றையும் சேர்த்து, பிரவுசர் வழியே ஆளக்கூடிய லினக்ஸ் பெட்டி. கனடாவின் ஒட்டாவாவில் 1999-ல் தொடங்கிய இ-ஸ்மித் நிறுவனத்தின் சர்வர் இவ்வகையில் முன்னோடி. 2001-ல் அதை மைட்டெல் என்ற தொலைபேசி நிறுவனம் வாங்கியது. பின்னர் அது எஸ்.எம்.இ. சர்வர் என்ற பெயரில் ஆர்வலர் குழுவிடம் போனது. கிளார்க்கனெக்ட் என்று தொடங்கி கிளியர் ஓ.எஸ். ஆனது ஒன்று. ஸ்பெயினில் ஈபாக்ஸ் என்று தொடங்கி 2010-ல் சென்டியல் ஆனது, 'விண்டோஸ் சிறு வணிக சர்வருக்கு மாற்று' என்றே தன்னை விற்றது. ஜெர்மனியின் ப்ரேமனில் யுனிவென்ஷன், இத்தாலியில் நெத்சர்வர்.

இவற்றைப் பற்றிய பழைய மதிப்புரைகளைப் படித்தால், ஒரு மணி நேரத்தில் நிறுவிவிடலாம், பயனர் சேர்ப்பது எளிது, விலை இல்லை என்ற பாராட்டுகளே பெரும்பாலும் இருக்கும். நிறுவிய நாளை வைத்து எழுதப்பட்ட மதிப்புரைகள் அவை. சர்வர் என்பது ஏழெட்டு ஆண்டு ஓடவேண்டிய பொருள். அந்த அளவுகோலில் பார்த்தால் சித்திரம் மாறுகிறது.

எஸ்.எம்.இ. சர்வர், கிளியர் ஓ.எஸ்., நெத்சர்வர் மூன்றும் சென்ட் ஓ.எஸ். என்ற இலவச லினக்ஸின் மேல் கட்டப்பட்டவை. 2020 டிசம்பர் 8-ல், சென்ட் ஓ.எஸ். 8-க்கு 2029 வரை என்றிருந்த ஆதரவை 2021 இறுதியோடு முடிப்பதாக அறிவித்தார்கள். சென்ட் ஓ.எஸ். 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-ல் திட்டமிட்டபடியே முடிந்தது. கீழ்த்தளம் போனதும் மேலே இருந்தவை தடுமாறின. நெத்சர்வர் தன் அடுத்த பதிப்பைக் கன்டெய்னர் முறையில் அடியோடு மாற்றி எழுதியது. எஸ்.எம்.இ. சர்வர் இன்னொரு தளத்துக்கு மெல்ல நகர்கிறது. உபுண்டு, டெபியன் மேல் நிற்கும் சென்டியலும் யுனிவென்ஷனும் இந்த அடியிலிருந்து தப்பின. ஆனால் அவற்றிலும் இலவசப் பதிப்புக்கும் காசுப் பதிப்புக்கும் நடுவே உள்ள கோடு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறியபடி இருக்கிறது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, இலவசம் நிலைக்காது' என்று தீர்ப்புச் சொல்வோர் உண்டு. அது முழுச் சரியல்ல. காசு கொடுத்து வாங்கிய ஸ்மால் பிசினஸ் சர்வரும் நிலைக்கவில்லையே. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மைக்ரோசாஃப்ட் கைவிடும் தேதியை முன்கூட்டியே அச்சிட்டுத் தருகிறது. இலவசப் பெட்டிகளில் அந்தத் தேதி சில வேளை டிசம்பரில் ஒரு நாள் காலையில் தெரியவரும். இன்னொரு பக்கம், சாம்பாவும் டெபியனும் முப்பது ஆண்டாகத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. நிலைக்காமல் போனவை அவற்றின் மேல் ஒட்டப்பட்ட வசதியான முகப்புகள். சிறிய அலுவலகத்துக்கு வேண்டியிருந்ததோ அந்த முகப்பு.

காசும் கொள்கையும்

தமிழ்நாட்டில் இந்த விவாதம் பொதுவெளிக்கு வந்தது அரசு வழியாக. 2006-க்குப் பின், மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., முதலில் தம் அலுவலகக் கணினிகளையும் பிறகு அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளையும் சூசே லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். பள்ளிகளுக்கு ஏறத்தாழ 30,000 கணினிகள், பள்ளிக்கொரு சர்வர் என்று திட்டம் விரிந்தது. அதே காலத்தில், 2007-ல், சி-டாக் சென்னைக் கிளை 'பாஸ்' என்ற டெபியன் வழி லினக்ஸை வெளியிட்டது. அதற்குச் சர்வர் பதிப்பும் பின்னர் வந்தது. உமாசங்கர் மாறிப் போனபின் அந்த வேகம் நீடித்ததாகத் தெரியவில்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. மாணவர்கள் எதைத் திறந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, பாடநூலையும் தேர்வையும் லினக்ஸில் வைத்தது. அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனம் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சப்படுத்தியதாக 2019-ல் மதிப்பிட்டது. இந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் லைசென்ஸ் வாங்கியிருந்தால் என்ற கற்பனைச் செலவோடு ஒப்பிட்டு வரும் எண் அது. அப்படி மொத்த விலை கொடுத்து யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். மிச்சம் உண்மை, அளவு விவாதத்துக்குரியது.

சிறு அலுவலகத்தில் இந்தச் செலவு வாதம் இன்னும் பலவீனமானது. பிசினஸ் சாஃப்ட்வேர் அலையன்ஸ் அமைப்பின் கணிப்பின்படி, 2017-ல் இந்தியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமம் பெறாதது. கணிப்பு மென்பொருள் விற்பவர்களின் அமைப்பிடமிருந்து வருவது என்பதை மறக்கக் கூடாதுதான். ஆனாலும் கடைத்தெரு நடப்பை அறிந்தவர் எவரும் அதைப் பெரிதாக மறுக்கமாட்டார். திருட்டு விண்டோஸ் போட்டுத் தர ஆள் இருக்கும் ஊரில் 'லினக்ஸ் இலவசம்' என்பது ஒரு விற்பனை வாக்கியமே அல்ல. அங்கே இரண்டும் ஒரே விலை. விலை உண்மையில் உறைப்பது நேர்மையாக லைசென்ஸ் வாங்குவோருக்கும், ஏற்றுமதிக் கம்பெனிகள் போலத் தணிக்கைக்கு உட்பட்டோருக்கும் மட்டும். அவர்களுக்குக் கணக்கு கனமானது: சர்வர் மென்பொருள் ஒரு விலை, அதில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி லைசென்ஸ் இன்னொரு விலை, 2016 பதிப்பிலிருந்து பிராசஸர் கோர் எண்ணிக்கைப்படி விலை.

கடற்கரைக்கே உரிய ஒரு செலவும் இங்கே சேரும். கணினியோடு சேர்த்து மலிவாக வாங்கும் விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் அந்த இயந்திரத்துக்கே கட்டுப்பட்டது. உப்பு அரித்து மதர்போர்டு போய்ப் புது இயந்திரம் வாங்கினால் லைசென்ஸும் புதிதாக வாங்க வேண்டும். லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டால், பெரும்பாலும் சிறு திருத்தங்களோடு எழுந்துவிடும். செலவு வாதம் பேசுவோர் இதை ஏனோ அதிகம் சொல்வதில்லை.

யார் பார்த்துக்கொள்வது?

வெற்றி பெற்ற பெரிய மாற்றங்களைப் பார்த்தால் ஒரு பொதுத் தன்மை தெரிகிறது. 2007-ல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நாட்டின் கீழமை நீதிமன்றங்கள் உபுண்டுவுக்கு மாறின. வழக்குத் தகவல் மென்பொருளும் கட்டற்ற மென்பொருளில் கட்டப்பட்டது. தாலுகா அளவிலான நீதிமன்றம் என்பது அளவில் ஒரு சிற்றலுவலக நெட்வொர்க்தான்: சில நீதிபதிகள், சில எழுத்தர்கள், ஒரு சர்வர் அறை. அங்கே முடிந்தது என்றால் மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் நீதிமன்றத்துக்குப் பின்னால் உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டியும், தேசியத் தகவலியல் மையமும், நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் தொடர்ந்து நடந்த பயிற்சி வகுப்புகளும் இருந்தன. எல்.ஐ.சி. தன் கிளைகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது அதற்கும் சொந்த ஐ.டி. துறை இருந்தது, யூனிக்ஸ் பழக்கமும் இருந்தது.

எதிர்ப்பக்கச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது மியூனிக் நகராட்சி. 2003-ல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸாக்கி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்த நகரம். லினக்ஸ் தோற்றது என்பார் ஒருசாரார், அரசியல் தோற்கடித்தது என்பார் மறுசாரார். அங்கே பிரச்சினை பெரும்பாலும் மேசைக் கணினியைச் சுற்றியே எழுந்தது என்பதால், சர்வர் பற்றிய நம் கேள்விக்கு அது நேர்ச் சான்று ஆகாது. இரு தரப்பும் அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதாகவே தோன்றுகிறது.

ஃபைபர் படகுக்கு இன்ஜின் வாங்கும் மீனவர் எந்த கம்பெனி என்று பார்ப்பதற்கு முன், அதைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக் கரையில் இருக்கிறாரா என்று பார்ப்பார். சர்வர் விஷயத்திலும் சிறு முதலாளி அதையேதான் செய்கிறார். அவரைப் பழமைவாதி என்பது நியாயமில்லை. விண்டோஸ் தெரிந்த ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் ஒருவர் போனால் இன்னொருவர் கிடைப்பார். லினக்ஸ் சர்வரை அமைத்துக் கொடுத்த இளைஞர் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விட்டால், ரூட் பாஸ்வேர்டும் அவரோடு போகும் ஆபத்து உண்டு. ஆள் இல்லாமல் இல்லை: சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து இயங்குகிறது, 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் தமிழிலேயே லினக்ஸ் பாடங்கள் வெளியிட்டு வருகிறது. அறிவு தமிழில் கிடைக்கிறது. கூப்பிட்டால் பிற்பகலுக்குள் வண்டியில் வந்து நிற்கும் ஆளாக அது மாறவில்லை.

சர்வரைவிட மேசைக் கணினியின் முடிச்சு

சர்வரை மாற்றலாமா என்ற கேள்விக்கான பதில், பல நேரங்களில் சர்வரில் இல்லை. கணக்கு டாலியில். டாலி விண்டோஸில்தான் ஓடும். அதன் பலர்-பயன்பாட்டு சர்வர் பதிப்பும் அப்படியே. தரவுக் கோப்புறையை மட்டும் சாம்பாவில் வைத்து நடத்துவோர் உண்டு. பூட்டு அமைப்புகள் சரியாக இருந்தால் ஓடும், ஆனால் பழுது வந்தால் டாலி விற்பனையாளர் முதலில் சுட்டிக்காட்டுவது சாம்பாவைத்தான். சி.எச்.ஏ. அலுவலகத்தில் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் போடவும், ஜி.எஸ்.டி.க்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். அதற்கு லினக்ஸ் டிரைவர்கள் சில இருந்தாலும், உதவிக்குப் போனில் வருபவர் விண்டோஸ் வழிமுறையை மட்டுமே அறிந்திருப்பார்.

இதெல்லாம் மேசைக் கணினி விண்டோஸாகவே இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, சர்வர் லினக்ஸாவதைத் தடுக்கவில்லை. விவாதத்தில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிக் கிடக்கின்றன.

ஆக்டிவ் டைரக்டரி ஆளும் கணினிக் கூட்டத்தை டொமைன் என்பார்கள்; இன்னொரு சிறு உண்மை அந்த டொமைன் விவாதத்தின் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்குகிறது. கடையில் வாங்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் பதிப்போடு வருகின்றன. ஹோம் பதிப்பு எந்த டொமைனிலும் சேராது. சர்வர் மைக்ரோசாஃப்டுடையதா சாம்பாவா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. எட்டுப் பேர் கொண்ட அலுவலகம் உண்மையில் கேட்பது பகிர்வுக் கோப்புறை, பாஸ்வேர்டு, பேக்கப் மூன்றும்தான். சாதாரண விண்டோஸ் கணினியைப் பகிர்வுக்கு வைத்தாலும் 20 இணைப்பு வரை தாங்கும் என்பதால், சர்வரே வாங்காமல் காலம் தள்ளுவோர் ஏராளம்.

தமிழ் ஆவணங்கள் பற்றிய அச்சமும் மேசைக் கணினியைச் சேர்ந்தது. வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகள் எந்த சர்வரில் இருந்தாலும் பைட் மாறாமல் அப்படியே இருக்கும். யூனிகோடில் தமிழ்க் கோப்புப் பெயர்களையும் சாம்பா கெடுக்காது.

நாஸ் பெட்டியும் கிளவுடும்

கவனிக்கப்படாத ஒரு மாற்றம் இதற்குள் நடந்து முடிந்துவிட்டது. சினாலஜி, க்யூநாப் போன்ற நாஸ் பெட்டிகளை, அதாவது நெட்வொர்க்கில் கோப்பு சேமிக்கும் பெட்டிகளை, வாங்கி வைத்த அலுவலகங்கள் லினக்ஸுக்கு ஏற்கெனவே மாறிவிட்டன. அவற்றுக்குள் ஓடுவது லினக்ஸும் சாம்பாவும். விசார்டு உண்டு, வாரன்டி உண்டு, விண்டோஸ் லைசென்ஸ் இல்லை. ஸ்மால் பிசினஸ் சர்வர் விட்டுச்சென்ற இடத்தைப் பெருமளவு நிரப்பியது இந்தப் பெட்டி என்று சொல்லலாம். குறை: இணையத்துக்குத் திறந்து வைத்த க்யூநாப் பெட்டிகளை 2021-ல் க்யூலாக்கர், 2022-ல் டெட்போல்ட் என்று அடுத்தடுத்துப் பணயத் தாக்குதல்கள் பதம் பார்த்தன.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரு தரப்பும் பெருமை பேச இடமில்லை. 2017 மே மாதம் வானக்ரை என்ற பணயத் தாக்குதல் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதே மாதம் சாம்பாவில் 2010 முதல் ஒளிந்திருந்த ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. இரண்டுக்கும் திருத்தம் வந்தது. திருத்தத்தைப் போடாதவர்கள்தான் அடிபட்டார்கள்.

மின்னஞ்சலை அலுவலகத்திலேயே வைக்கும் யோசனை ஏறத்தாழ முடிந்துபோனது. சாதாரண ஃபைபர் இணைப்பில் நிலையான முகவரி கிடைப்பதில்லை. அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளைப் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள், குறிப்பாக 2024 பிப்ரவரிக்குப் பின், இறுக்கிவிட்டன. உள்ளூர் சர்வரிலிருந்து அனுப்பும் கடிதம் ஸ்பாம் பெட்டியில் விழும். கூகுளோ, மைக்ரோசாஃப்டோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவோ, வெளியில்தான் போக வேண்டும்.

மின்னஞ்சல் போனபின் கோப்புகள் மட்டும் எதற்கு உள்ளூரில் என்பது கிளவுடு தரப்பின் கேள்வி. அதற்கு இந்தக் கரையே ஒரு கடினமான பதிலை வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் போனும் இல்லை. கிளவுடில் மட்டும் கோப்பு வைத்திருந்தவர் அதை எட்ட முடியவில்லை. ஆனால் கோப்பு பிழைத்தது. தரைத்தளத்தில் சர்வர் வைத்து, பேக்கப்பையும் அதே அறையில் வைத்திருந்தவருக்கு இரண்டும் நீரில் போயிருக்கும். லினக்ஸா விண்டோஸா என்ற கேள்வியை இந்த வெள்ளம் கேட்கவே இல்லை. ஊருக்கு வெளியே ஒரு படி இருக்கிறதா என்று மட்டும் கேட்டது.

எது முடிந்தது, எது திறந்திருக்கிறது

கோப்புப் பகிர்வுக்கும் பேக்கப்புக்கும், ப்ரோ பதிப்புக் கணினிகள் இருந்தால் டொமைனுக்கும், லினக்ஸ் போதுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது: போதும். கணக்குக்கும் டோக்கனுக்கும் விண்டோஸ் மேசைக் கணினி தேவை என்பதும் இப்போதைக்கு முடிந்த கேள்வி. மின்னஞ்சல் வெளியே போய்விட்டது. ஸ்மால் பிசினஸ் சர்வர் ஒரே பெட்டியில் கட்டி விற்ற வேலைகள் இப்படித் தனித்தனியாகப் பிரிந்தபின், 'மொத்தமாக மாற்றலாமா' என்று இன்னும் கேட்பது பழைய விளம்பரத்தின் மிச்சம்.

திறந்திருப்பது பராமரிப்பு. நீதிமன்றங்களுக்கு இ-கமிட்டி செய்ததைச் சிறு அலுவலகங்களுக்கு யார் செய்வது? சுங்க முகவர் சங்கம், ஒரு மறைமாவட்டத்தின் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பு போன்றவை ஒரே மாதிரி அமைப்பை இருபது இடத்தில் நிறுவி ஒரே ஆளை வைத்துப் பராமரிக்கலாம். கணக்குப் பார்த்தால் ஒத்துவரும் என்றே தோன்றுகிறது. ஆனால் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்க்கும் துறைமுகத் தொழிலில் தங்கள் கோப்புகளை ஒரே ஆளின் கையில் கொடுப்பார்களா என்பது தொழில்நுட்பத்தால் தீரும் சங்கடம் அல்ல. பள்ளிகளிலும் பங்குகளிலும் அந்தத் தயக்கம் குறைவாக இருக்கலாம். முயற்சி அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

முடிவெடுக்கக் கால அவகாசம் எல்லோருக்கும் ஒன்றல்ல. விண்டோஸ் சர்வர் 2012 வைத்திருப்போருக்கான வழக்கமான திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-லேயே நின்றுவிட்டன. 2016 பதிப்பு வைத்திருப்போருக்கு அவை 2027 ஜனவரி 12-ல் நிற்கின்றன.